ரிசர்வ் படை இசைக்குழுக்கள்: செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதானா?

பதிவு 1 | மூன்றாம் கிளாரினெட்

அனைவருக்கும் வணக்கம்.

2023 செப்டெம்பர் இறுதியில், அப்போதைய பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதி வெய்ன் அயர் பாராளுமன்றப் பாதுகாப்புக் குழுவின் முன் தோன்றி, ஏறத்தாழ நூறு கோடி டொலர் செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அன்றிலிருந்து கனடாவின் ரிசர்வ் படையை, அதாவது பகுதிநேரச் சிப்பாய்களின் படையைப் பற்றிய எந்த உரையாடலிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. குண்டுகளுக்கும் வாகன உதிரிப்பாகங்களுக்குமே பணம் போதாத இராணுவத்துக்கு இசைக்குழுக்கள் எதற்கு என்பதே அந்தக் கேள்வி. 2025 ஜூனில் பிரதமர் மார்க் கார்னி, பாதுகாப்புச் செலவை அந்த நிதியாண்டிலேயே மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2 வீதத்துக்கு உயர்த்துவதாக அறிவித்த பின்னரும் அது ஓயவில்லை. புதிதாக வரும் பணம் சம்பளத்துக்கும் தளவாடங்களுக்கும் கட்டடங்களுக்கும் என்று முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. அந்தப் பங்கீட்டில் பகுதிநேர இசைக்கலைஞர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒன்ராறியோவில் ஒரு ரிசர்வ் படைப்பிரிவின் இசைக்குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவன் என்ற முறையில், இந்தக் குழுக்கள் எவை என்பதை முதலில் விளக்க விரும்புகிறேன். ரொறன்ரோவில் வாழும் நம்மவர் பலர் நவம்பர் 11 நினைவுதினத்தன்று இவர்களைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தச் சீருடைக்குள் இருப்பவர் பாடசாலை ஆசிரியரோ, தாதியோ, பல்கலைக்கழக மாணவியோ என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். செப்டெம்பர் தொடக்கம் மே வரை வாரத்தில் ஒரு மாலை ஆர்மரி எனப்படும் படைப்பிரிவின் பயிற்சிக் கட்டடத்தில் கூடிப் பயிற்சி செய்கிறார்கள். இடையிடையே ஒரு வார இறுதியையும் ஒதுக்குகிறார்கள். ‘ஏ’ வகுப்புச் சேவை என்ற ஏற்பாட்டின் கீழ், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தால் அரைநாள் சம்பளமும் அதற்கு மேல் என்றால் முழுநாள் சம்பளமும் கிடைக்கும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

முழுநேர இராணுவ இசைக்குழுக்கள் நாடு முழுவதற்கும் ஆறு மட்டுமே: ஒட்டாவா, ஹலிஃபக்ஸ், கியூபெக், வினிப்பெக், எட்மன்ரன், விக்ரோரியாவை அடுத்துள்ள எஸ்குவைமோல்ற். இந்தப் பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ரொறன்ரோ அதில் இல்லை. மொன்றியல் இல்லை, வன்கூவர் இல்லை, கல்கரி இல்லை. கனடாவின் மிகப்பெரிய நகரங்களில் சீருடையணிந்த ஓர் இசைக்குழு வீதியில் நடந்து வருகிறது என்றால், அநேகமாக அது ரிசர்வ் குழுதான். அதை நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப வேறொருவர் ஒட்டாவாவிலிருந்து விமானமேறி வரப்போவதில்லை.

உங்கள் கருத்துகளை, எதிர்க்கருத்துகளைக் குறிப்பாக, அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 | மார்க்கம் கணக்காளர்

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. எதிர்க்கருத்தை நான் முன்வைக்கிறேன். இசையின் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. வரிப்பணத்தின் முன்னுரிமை பற்றியே பேசுகிறேன்.

கனடியக் கணக்காய்வாளர் நாயகம் 2016 வசந்தகாலத்தில் தரைப்படை ரிசர்வ் பற்றி வெளியிட்ட அறிக்கையை வாசித்தவர்களுக்கு நிலைமை தெரியும். 21,000 பேருக்கு நிதி ஒதுக்கப்பட்டிருந்தபோது, பயிற்சி பெற்றுச் செயற்பாட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 14,000 பேர்தான். அதிலும் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர் குறைந்துகொண்டிருந்தார்கள். படைப்பிரிவுகளிடம் பயிற்சிக்குத் தேவையான வாகனங்களும் கருவிகளும் போதுமானதாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்பற்றாக்குறை முழு இராணுவத்துக்கும் பரவியதை நாம் அனைவரும் செய்திகளில் பார்த்தோம்.

வெள்ளத்துக்கும் காட்டுத்தீக்கும் அனுப்ப ஆளில்லாமல் திணறும் ஒரு படை, தன் சம்பள நாட்களில் ஒரு பகுதியை ஒத்திகைக்குச் செலவிடுவது எவ்வாறு நியாயம்? அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. அரிசோனாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மார்த்தா மக்சாலி, அவரே முன்னாள் போர் விமானி, 2015-இல் பாதுகாப்புத் திணைக்களம் இசைக்குழுக்களுக்காக 43 கோடி 70 இலட்சம் டொலர் செலவிட்டதைச் சுட்டிக்காட்டி, விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் அவை வாசிப்பதைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை 2016-இல் கொண்டுவந்தார். போர் விமானங்களைப் பராமரிக்கப் பணமில்லை என்று சொல்லும் திணைக்களம் இசைக்கு இவ்வளவு செலவிடலாமா என்பதே அவருடைய வாதம். கனடாவின் தொகை அதனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறிய தொகை என்பது நியாயமான தொகை என்று ஆகிவிடாது.

பதிவு 3 | மூன்றாம் கிளாரினெட்

கணக்காளர் ஐயா, கேள்வியை நேராக வைத்ததற்கு நன்றி. சேமிப்பு எங்கே கிடைக்கும் என்பதிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முழுநேரச் சிப்பாய் ஒருவருக்குச் சம்பளத்துக்கு அப்பால் இடமாற்றச் செலவு, குடியிருப்பு, முழுமையான மருத்துவ வசதி, ஓய்வூதியம் என்று பல செலவுகள் உண்டு. வாரத்தில் ஒரு மாலை வரும் இசைக்கலைஞருக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை, அல்லது மிகக் குறைவு. இதைவிட முக்கியமான ஒன்றை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காலாட்படைக்கு வரும் இளைஞருக்குச் சுடவும் வரைபடம் பார்க்கவும் வானொலித் தொடர்பைக் கையாளவும் இராணுவமே கற்றுக்கொடுக்க வேண்டும். ஊபோ என்ற குழல்வாத்தியத்தை வாசிக்கும் பெண்ணுக்கு ஊபோவை இராணுவம் கற்றுக்கொடுப்பதில்லை. தேர்வுக்கு வந்து அமர்வதற்கு முன்பே அவர் எட்டுப் பத்து ஆண்டுகள் பயின்றிருப்பார்; அந்தச் செலவைப் பெற்றோரும் பாடசாலையும் பல்கலைக்கழகமும் ஏற்றிருப்பார்கள். அந்தத் திறமையை அரசு அரைநாள் சம்பளத்துக்குப் பெற்றுக்கொள்கிறது. அணிவகுப்பும் அடிப்படை இராணுவப் பயிற்சியும் மட்டுமே அரசின் செலவு. டியூபாவும் பேஸ் ட்ரம்மும் கவனமாகப் பராமரித்தால் பல தசாப்தங்கள் உழைக்கும்.

ரிசர்வ் படையில் வெட்டுவது சுலபம். நிறைவேற்று அதிகாரிகள் முதலில் அங்கே பார்ப்பதற்குக் காரணமும் அதுதான். கப்பல் கட்டும் ஒப்பந்தத்தை இடையில் நிறுத்தினால் நட்ட ஈடு கொடுக்க வேண்டும். ஒரு படைமுகாமை மூடினால் அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து நிற்பார். ‘ஏ’ வகுப்பு நாட்களைக் குறைக்க ஒரு மின்னஞ்சல் போதும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், ஜனவரி பெப்ரவரி மாதங்களில் அந்த மின்னஞ்சல் வருவதை ரிசர்வ் படையில் இருந்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

பிரித்தானியாவில் 2009 ஒக்டோபரில் இதுவே பெரிய அளவில் நடந்தது. இரண்டு கோடி பவுண் சேமிப்பதற்காக, அங்குள்ள பகுதிநேரப் படையான பிராந்திய இராணுவத்தின் வழக்கமான பயிற்சியை ஆறு மாதங்களுக்கு நிறுத்தப் பாதுகாப்பு அமைச்சு திட்டமிட்டது. அங்கு எழுந்த எதிர்ப்பைத் தாங்க முடியாமல் பிரதமர் கோர்டன் பிரவுன் அந்த மாத முடிவுக்குள்ளேயே திட்டத்தைக் கைவிட்டார். ஆறு மாதம் வராமலிருக்கும்படி சொல்லப்படும் பகுதிநேரச் சிப்பாய் ஏழாவது மாதம் திரும்பி வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதே அன்று எதிர்த்தவர்களின் முக்கிய வாதம். இசைக்குழுவுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். முப்பது பேர் கொண்ட குழுவில் பத்துப் பேர் விலகினால் எஞ்சியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு இசைக்குழு என்று நினைப்பது தவறு. டியூபாவும் முதல் ட்ரம்பெட்டும் தாளவாத்தியமும் இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் இருபது பேரால் ஓர் அணிவகுப்பைக்கூட நடத்த முடியாது.

பதிவு 4 | தேம்ஸ் கரை

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். பிரித்தானியாவின் அனுபவத்தில் கனடியர்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்கள் உண்டு.

1854-இல் கிரைமியப் போரின்போது துருக்கியின் ஸ்கூற்றாரியில் விக்ரோரியா மகாராணியின் பிறந்தநாள் அணிவகுப்பில் வெவ்வேறு படைப்பிரிவுகளின் குழுக்கள் தேசிய கீதத்தை வெவ்வேறு சுருதிகளில், வெவ்வேறு அமைப்புகளில் ஒரே நேரத்தில் வாசித்ததாக வரலாறு சொல்கிறது. அந்த அவமானத்தைத் தொடர்ந்து 1857-இல் இலண்டனை அடுத்த நெல்லர் ஹோல் மாளிகையில் இராணுவ இசைக் கல்லூரி உருவானது. 164 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-இல், அந்தக் கட்டடத்தைக் கைவிட்டுக் கல்லூரி போர்ட்ஸ்மத்துக்குப் போனது. இடையில், பனிப்போர் முடிந்ததும் படைக் குறைப்பு வந்தது. 1994-இல் இராணுவ இசைப் படையணி என்ற ஒரே அமைப்பின் கீழ் எல்லாரும் கொண்டுவரப்பட்டபோது முழுநேர இசைக்குழுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அதற்கு முன் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் சொந்தக் குழு இருந்தது. இன்று பல மாவட்டங்களில் அந்த இடத்தை ரிசர்வ் குழுக்களே தாங்குகின்றன. முழுநேரக் குழுக்களைக் குறைத்தபோது, பகுதிநேரக் குழுக்கள் இருக்கின்றன என்பதை ஒரு சமாதானமாகச் சொன்னார்கள். இப்போது அந்தச் சமாதானத்தையும் வெட்டுவது பற்றிப் பேசினால், அடியில் வேறு தளம் இல்லை.

இசைக்கலைஞர்கள் போரில் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1982 ஃபோக்லண்ட்ஸ் போரில் றோயல் மரீன் இசைக்கலைஞர்கள் காயமடைந்தவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். மருத்துவப் பணியில் உதவினார்கள். 1991 வளைகுடாப் போரிலும் இராணுவ இசைக்கலைஞர்கள் மருத்துவப் பிரிவுகளோடு அனுப்பப்பட்டார்கள். 1989 செப்டெம்பர் 22 அன்று டீல் நகரில் றோயல் மரீன் இசைக் கல்லூரியில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டில் 11 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் என்பதை எதிரி ஒருபோதும் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் இந்த இரண்டாம் பணியை இசைக்குழுவின் முதன்மை நியாயமாக வைப்பதை நான் விரும்பவில்லை. தூக்குக்கட்டில் சுமப்பதற்காகத்தான் அவர்களை வைத்திருக்கிறோம் என்றால், தூக்குக்கட்டில் சுமப்பவர்களையே நேரடியாகச் சேர்க்கலாமே என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பதிவு 5 | நல்லூர்க்காரி

நான் இராணுவ விடயங்கள் அறிந்தவள் அல்ல. ஸ்காபரோவில் வாழும் ஒரு தாய் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் மகள் பன்னிரண்டு வயதில் சிறுவர்களுக்கான கடெற் படையில் சேர விரும்பியபோது, வீட்டில் பல நாள் விவாதம் நடந்தது. சீருடையைக் கண்டால் உடல் ஒடுங்கிப் போகும் தலைமுறை நாங்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட நினைவு எங்களிடம் இன்னும் மறையவில்லை. என் கணவர் பிள்ளையை இராணுவ உடுப்பில் பார்க்க மனமில்லை என்றே சொன்னார். அவளை அங்கு இழுத்தது டிரோம்போன். பாடசாலையில் இரவல் வாங்கி வாசித்த வாத்தியத்தை, கடெற் இசைக்குழுவில் வாரந்தோறும் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. பின்னர் ரிசர்வ் இசைக்குழு ஒன்றில் தேர்வெழுதிச் சேர்ந்தாள். ஒரு கோடைகாலம் ஒட்டாவாவில் காவல் மாற்றும் அணிவகுப்பின் குழுவில் சம்பளத்தோடு வாசித்தாள்; பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அது பெரிய துணையாக இருந்தது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் எங்கள் குடும்பப் பெருமை அல்ல. எங்களைப் போன்றவர்கள் இந்த நாட்டின் இராணுவத்தை முதன்முதலாக அச்சமின்றி அருகில் நின்று பார்த்தது அவர்களுடைய இசைக்குழுவின் வழியாகத்தான். என் கணவர் அந்த ஆண்டு நினைவுதினத்துக்கு வந்து, கடைசிவரை நின்று, குழுவின் பொறுப்பாளரோடு கைகுலுக்கினார். ஆட்சேர்ப்புக்காக விளம்பரங்களுக்குச் செலவிடப்படும் பணம் எங்கள் வீட்டுக்குள் ஒருபோதும் நுழைந்திருக்காது. கணக்குப் பார்ப்பவர்கள் இதை எந்த நிரலில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்காவது எழுத வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

பதிவு 6 | மார்க்கம் கணக்காளர்

அக்கா, உங்கள் பதிவை மிகுந்த மரியாதையோடு வாசித்தேன். நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விதான் என்னுடைய கேள்வியும்: எந்த நிரலில் எழுதுவது?

அமெரிக்க அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2017 ஆகஸ்டில் இராணுவ இசைக்குழுக்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2012-இல் 7,196 ஆக இருந்த இசைப் பணியாளர்கள் 2016-இல் 6,656 ஆகக் குறைந்திருந்ததை அது பதிவு செய்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் அடுத்த முடிவு. இசைக்குழுக்கள் மக்களை ஈர்க்கின்றன, மன உறுதியை வளர்க்கின்றன, ஆட்சேர்ப்புக்கு உதவுகின்றன என்று படைகள் சொல்கின்றன; ஆனால் அவற்றை உறுதிப்படுத்தும் அளவுகோல்களை அவை உருவாக்கவில்லை. எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பார்வையாளர்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். அதனால் என்ன மாறியது என்று எண்ணவில்லை.

இசைக்குழுக்களைக் காக்க விரும்புவோரின் உண்மையான பலவீனம் இதுதான் என்று கருதுகிறேன். செலவு ஒரு தாளில் இருக்கிறது; பயன் நினைவுகளில் இருக்கிறது. வெட்டும் நாளில் மேசைமீது வைக்கப்படுவது தாள் மட்டுமே. உங்கள் மகளைப் போல் இசைக்குழு வழியாக வந்து பின்னர் வேறு பிரிவுகளுக்கு மாறியவர்கள் எத்தனை பேர், காலாட்படை வீரர்களோடு ஒப்பிட்டால் இசைக்கலைஞர்கள் எத்தனை ஆண்டுகள் கூடுதலாகச் சேவையில் நிலைக்கிறார்கள் என்பவற்றை ஒவ்வொரு ஆர்மரியும் பதிவுசெய்ய முடியும். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

பதிவு 7 | பழைய சார்ஜன்ட்

நான் இசைக்கலைஞன் அல்ல. ரிசர்வ் காலாட்படையில் இருந்து ஓய்வுபெற்றவன். இந்த இழையை ஆரம்பம் முதல் வாசித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவிட வேண்டும் என்று கணக்காளர் சொல்வது சரி. ஆனால் அளவிட முடியாத ஒரு கடமை இருக்கிறது. அதைச் செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் ஓர் உதாரணமும் இருக்கிறது.

ஆப்கானிஸ்தானில் 158 கனடியச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அவர்களுடைய உடல்கள் ட்ரென்ரன் விமானத்தளத்தில் இறக்கப்பட்டு, 401 நெடுஞ்சாலை வழியாக ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, பாலங்களின் மேல் மக்கள் கொடிகளோடு நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதிக்கு 2007-இல் வீரர்களின் நெடுஞ்சாலை என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆனால் இறுதிச் சடங்கு நெடுஞ்சாலையில் நடப்பதில்லை. அவரவர் ஊரில் நடக்கிறது. சிறிய நகரத்தின் தேவாலயம், மேலே ஒரு மயானம், பெப்ரவரிக் குளிர். அங்கே பியூகிள் என்ற ஊதுகொம்பிலோ ட்ரம்பெட்டிலோ ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற இறுதி மரியாதை இசையை வாசிக்க ஒருவர் வேண்டும். பேக்பைப் வாசிக்க ஒருவர் வேண்டும். உறைபனியில் ட்ரம்பெட்டின் வால்வுகள் இறுகிவிடும், உதடு மரத்துவிடும். அந்த நிலையில் ஒரு தாயின் முன்னால் நின்று ஒரு சுரமும் பிசகாமல் வாசிக்க வேண்டும். அது வருடத்துக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கையிலெடுப்பவரால் ஆகாத காரியம். அவர் வாரந்தோறும் எங்கோ ஓர் ஆர்மரியில் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டும். நான் கலந்துகொண்ட சடங்குகளில் அந்த ஒருவர் ரிசர்வ் இசைக்குழுவிலிருந்தே வந்தார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தன் காரிலேயே வந்தார்.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 2000-ஆம் ஆண்டு தொடக்கம், கௌரவமாக விலகிய ஒவ்வொரு முன்னாள் படைவீரரின் இறுதிச் சடங்குக்கும், குடும்பம் கேட்டால், சீருடையில் குறைந்தது இருவரை அனுப்ப வேண்டும் என்றும் கொடியை மடித்துக் கொடுத்து, அந்த நாட்டின் இறுதி மரியாதை இசையான ‘டாப்ஸ்’ இசைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை வேகமாக மறைந்துகொண்டிருந்த காலம் அது. வாசிக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. ஒலிப்பதிவைப் பயன்படுத்தச் சட்டமே இடமளித்தது. 2003-இல் அதற்கென ஒரு கருவியும் வந்தது: பியூகிளின் அகன்ற முனைக்குள் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள், பொத்தானை அழுத்திவிட்டு, சிப்பாய் வாத்தியத்தை உதட்டில் வைத்து வாசிப்பதுபோல் நிற்பார். அந்தச் சிப்பாயை நான் குறை கூறவில்லை. அவர் கட்டளையை நிறைவேற்றுகிறார். ஒலியிலும் குறையில்லை. ஆனால் நாட்டுக்காகச் சேவை செய்த மனிதரின் கல்லறையருகில் ஓர் அரசு நடிக்க நேர்கிறது என்றால், அது எங்கோ, பல ஆண்டுகளுக்கு முன், யாரோ ஒரு அலுவலகத்தில் சிறிய தொகை என்று நினைத்து எடுத்த முடிவுகளின் பலன். கனடா அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

இன்னொன்று. ரிசர்வ் படைப்பிரிவில் காலாட்படை இளைஞர்கள் சராசரியாகச் சில ஆண்டுகளில் படிப்பு, வேலை, திருமணம் என்று போய்விடுகிறார்கள். என் பழைய படைப்பிரிவில் தலைமுறைகளை இணைத்து வைத்திருந்தவர்கள் இசைக்குழுவினரே. இருபது இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தவர்கள் பலர். கட்டளை அதிகாரிகள் மூன்றாண்டுக்கு ஒருவராக மாறினார்கள், பிரிவின் வழக்கங்களை அறிந்தவர்கள் இசைக்குழுவில்தான் இருந்தார்கள்.

பதிவு 8 | கரையோரன்

சார்ஜன்ட் ஐயாவின் பதிவுக்குப் பிறகு நான் சேர்க்கக்கூடியது சிறிதே.

பகுதிநேர இராணுவக் குழுக்கள் ஊரின் இசைக்கும் கொடுத்திருக்கின்றன என்பதை மறந்துவிடக்கூடாது. ‘ஓ கனடா’ முதன்முதலில் 1880 ஜூன் 24 அன்று கியூபெக் நகரில் இசைக்கப்பட்டபோது, குழுக்களை நடத்தியவர் ஜோசப் வெசினா. உள்ளூர்ப் படைகளின் இசைக்குழுக்களை வளர்த்தெடுத்தவர் அவர். மெட்டமைத்த கலிக்ஸா லவலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் றோட் ஐலண்ட் படைப்பிரிவு ஒன்றின் குழுவில் கோர்னெற் வாசித்தவர். நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். பிரித்தானியத் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றுள் ஒன்று. அந்தச் சூழலிலேயே அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

இராணுவத்தின் செலவை இதைக் காட்டி நியாயப்படுத்த முடியாது என்பதை அறிவேன். ஆனால் பாடசாலைகளில் இசை வகுப்புகள் சுருங்கிவரும் காலத்தில், ஓர் இளைஞருக்குக் கூட்டாக வாசிக்க இடமும் வாத்தியமும் ஒரு சிறு சம்பளமும் கொடுக்கும் பொது நிறுவனங்கள் மிகக் குறைவு.

பதிவு 9 | மார்க்கம் கணக்காளர்

சார்ஜன்ட் ஐயா, இறுதிச் சடங்குக் கடமையை எந்தக் கணக்கிலும் வெட்டக்கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். என் சந்தேகம் வேறு இடத்தில். அந்தக் கடமையைக் காட்டி, மெஸ் எனப்படும் அதிகாரிகளின் உணவு மண்டப விருந்தில் பின்னணி இசைக்கும் சம்பள நாட்களையும் சேர்த்துக் காப்பாற்ற முயல்வதை ஏற்க முடியவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதா?

பதிவு 10 | மூன்றாம் கிளாரினெட்

பிரிக்கலாம், பிரிக்க வேண்டும். வெட்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எங்கள் தரப்பை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், குழுவுக்குள் இருந்தவன் என்ற முறையில் சில இடங்களைச் சொல்கிறேன்.

அதிகாரிகளின் விருந்துகளுக்கு வாசிப்பதைப் படைப்பிரிவின் பொதுநிதியிலிருந்தோ விருந்தினரின் பங்களிப்பிலிருந்தோ நடத்தலாம். வரிப்பணத்தின் சம்பள நாட்களை அதற்குப் பயன்படுத்தத் தேவையில்லை. ஒரே நகரத்தில் இருக்கும் இரண்டு மூன்று குழுக்கள் விலையுயர்ந்த வாத்தியங்களைத் தனித்தனியே வைத்திருப்பதற்குப் பதிலாக, பல படைப்பிரிவுகள் சேர்ந்த பிரிகேட் மட்டத்தில் ஒரு பொதுக் களஞ்சியம் அமைக்கலாம். பாசூன், ஊபோ, தாளவாத்தியம் போன்ற அரிதான பிரிவுகளில் கலைஞர்களைக் குழுக்களுக்கிடையே இரவல் கொடுப்பது இப்போதும் நட்பின் பேரில் நடக்கிறது. அதை முறையான ஏற்பாடாக்கினால் ஒவ்வொரு குழுவும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டிய அவசியம் குறையும். குழுக்களை ஒன்றாக இணைப்பது பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். வரைபடத்தில் அருகருகே தெரியும் இரு ஊர்களுக்கிடையில் குளிர்காலத்தில் வேலை முடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுத் திரும்ப எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? இணைப்பு என்ற பெயரில் இரண்டில் ஒன்று மறைந்துவிடும்.

காக்க வேண்டியது வாராந்தப் பயிற்சி மாலை. நிகழ்ச்சிகளைக் குறைத்தால் குழு சிறிது சுருங்கும், பிழைத்துக்கொள்ளும். பயிற்சியை நிறுத்தினால் குழு இல்லை. வெட்டும் அதிகாரிகள் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள்; பொதுமக்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத பயிற்சி நாட்களைக் குறைக்கிறார்கள். முதல் ஆண்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. மூன்றாம் ஆண்டில் நினைவுதினத்தன்று ஒலிபெருக்கி வந்து நிற்கும்.

1994-இல் கனடா பல முழுநேரக் குழுக்களைக் கலைத்தது. அவற்றுள் ஒன்றான பீரங்கிப்படையின் குழுவை 1997-இல் எட்மன்ரனில் மீண்டும் உருவாக்க வேண்டி வந்தது. முழுநேரக் குழுவை மீண்டும் உருவாக்குவது கடினம்தான் என்றாலும் முடியும்; விளம்பரம் செய்து, தேர்வு வைத்து, சம்பளம் கொடுத்து ஆட்களை எடுக்கலாம். ரிசர்வ் குழுவுக்கு அந்த வழி இல்லை. அது ஓர் ஊரில் ஏற்கெனவே வாழும் மனிதர்களால் ஆனது. ஆசிரியர் தன் மாணவரை அழைத்துவருகிறார், அந்த மாணவர் தன் நண்பரை அழைத்துவருகிறார். அந்தத் தொடர் அறுந்தபின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது உடனே திரும்பி வராது.

பதிவு 11 | தேம்ஸ் கரை

பயிற்சி மாலையைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும் என்பதை முழுமையாக ஆதரிக்கிறேன். 2009-இல் இங்கே பாராளுமன்றத்தில் பேசப்பட்டதும் அதுவே: படையின் சம்பளக் கணக்கிலிருந்து ரிசர்வ் பயிற்சியைப் பிரித்து வைக்காவிட்டால், ஒவ்வொரு நெருக்கடியிலும் அதுவே முதலில் கரையும். கனடாவில் இதற்கான வழி உண்டா?

பதிவு 12 | பழைய சார்ஜன்ட்

தனி ஒதுக்கீடு கேட்கலாம். 2016-இல் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, தரைப்படை ரிசர்வுக்கென ஒதுக்கிய பணம் எங்கே செலவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆகவே கேட்பதற்கு அடிப்படை இருக்கிறது. பாராளுமன்றப் பாதுகாப்புக் குழு எழுத்து மூலமான கருத்துகளை ஏற்றுக்கொள்கிறது. வரவு செலவுத் திட்டத்துக்கு முந்தைய ஆலோசனையில் நிதிக் குழுவும் ஏற்றுக்கொள்கிறது. கணக்காளர் சொன்ன தரவுகளோடு, நல்லூர்க்காரி தங்கச்சி எழுதியதுபோன்ற அனுபவங்களையும் இணைத்து அனுப்பினால் நிச்சயம் வாசிப்பார்கள்.

பதிவு 13 | மார்க்கம் கணக்காளர்

தரவுப் படிவம் ஒன்றை நான் தயாரித்துத் தருகிறேன். சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, வேறு பிரிவுக்கு மாறினாரா, அந்த ஆண்டில் எத்தனை இறுதிச் சடங்குகள், எத்தனை நினைவு நிகழ்வுகள், எத்தனை விருந்துகள் என்று பிரித்துக் கேட்கும் ஒரு பக்கம் போதும். விருந்துகளுக்கான நிரலையும் மறைக்காமல் நிரப்ப வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

பதிவு 14 | மூன்றாம் கிளாரினெட்

நிபந்தனையை ஏற்கிறேன், ஐயா. எனக்குத் தெரிந்த பேண்ட் மாஸ்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. பெரும்பாலான குழுக்கள் மே மாத முடிவில் கோடைகால இடைவேளைக்குப் போய்விடும் என்பதால், ஏப்ரலுக்குள் படிவம் கிடைத்தால் நல்லது. நல்லூர்க்காரி அக்கா, உங்கள் மகளும் எழுதச் சம்மதித்தால் அவருடைய குழுவிலிருந்தே தொடங்கலாம்.